திரைக்குத் தெரியாத விரல்

பில் போடும் கணினியின் கீபோர்டு மறுபடியும் செத்துப்போன அன்று, இனி கீபோர்டே வாங்குவதில்லை, தொடுதிரை மானிட்டர் ஒன்றை வாங்கிவிடுவது என்று பெஞ்சமின் தீர்மானமாகச் சொல்லிவிட்டான். அவர்களுடைய பேக்கரி புதுப்பட்டினத்தில், கல்பாக்கம் நகரியத்துப் பேருந்துகள் நிற்கும் இடத்துக்கு எதிரில் இருந்தது. கடற்காற்றில் வரும் உப்பும், கடைக்குள் பறக்கும் மைதாவும், சர்க்கரைப் பாகு ஒட்டிய விரல்களும் சேர்ந்து எந்தக் கீபோர்டையும் சில மாதங்களுக்கு மேல் விட்டுவைப்பதில்லை. ஓர் எண்ணைத் தட்டினால் நாலு தடவை விழும், இன்னொன்றைத் தட்டினால் விழவே விழாது. மாலையில் ஷிஃப்ட் முடிந்து பேருந்துகள் வரிசையாக வந்து நின்றால் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் கடைக்குள் நுழையும். அந்த நேரம் பார்த்து எண்கள் விழாமல் போனால், வந்தவர்கள் பக்கத்துக் கடைக்கு நடந்துவிடுவார்கள்.

கடை பெஞ்சமினுடையது அல்ல, அவன் மனைவி பொன்னியுடையது. அவன் அணுமின் நிலையத்தில் ஒப்பந்த வெல்டர். பொன்னி வேடந்தாங்கல் பக்கத்துக் காலனி ஒன்றில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் பிழைத்தார்கள். பத்தாவது முடித்ததும் அவள் செங்கல்பட்டில் ஒரு பேக்கரிக்குப் பிஸ்கட் பொட்டலம் கட்டப் போனாள். கை பொட்டலம் கட்ட, கண் மாவு பிசைகிறவரிடமே இருக்கும். ஒருநாள் மாஸ்டர் வராதபோது தானே பிசைந்து ஓவனில் வைத்தாள். அதிலிருந்து அந்தக் கடையில் அவளுக்கு வேறு மரியாதை. கல்யாணமாகிப் புதுப்பட்டினம் வந்தபின் ஒற்றை ஓவனோடு சொந்தமாகத் தொடங்கியதுதான் இந்தக் கடை. இப்போது அவளுடைய தேங்காய் பன்னுக்காக நகரியத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். மகள் சிநேகா கல்லூரியில் படிக்கிறாள். கல்லாவில் உதவிக்கு ஜோதிலட்சுமி என்ற பெண் பல வருடங்களாக இருக்கிறாள்.

கொஞ்ச காலமாக ஓவன் தட்டின் விளிம்பு பட்டால்கூடப் பொன்னிக்கு உறைப்பதில்லை. வேலை செய்து செய்து கை காய்த்துப்போய்விட்டது என்று ஜோதிலட்சுமியிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு பெருமைகூட இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கணவனும் மனைவியும் பைக்கில் செங்கல்பட்டுக்குப் போனார்கள். பில்லிங் இயந்திரங்கள் விற்கும் ஞானதாஸ் என்பவரை யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் அவசரப்படாத மனிதர். எதையும் எடுத்துக் காட்டுவதற்கு முன்னால் கேள்விகளாகக் கேட்டார். கடை எந்தத் திசை பார்த்தது, வெயில் எந்நேரம் உள்ளே விழும், பில் போடுகிறவர் உட்கார்ந்து போடுவாரா நின்றுகொண்டா, கையில் எண்ணெய் இருக்குமா ஈரம் இருக்குமா. கடை மேற்குப் பார்த்தது என்றதும், பளபளப்பான கண்ணாடி வேண்டாம், சாயங்காலத்தில் முகம்தான் தெரியும், விலை தெரியாது என்றார். திரைக்கும் சட்டத்துக்கும் நடுவே பள்ளம் இருந்தால் மாவும் தூளும் அதில் போய் அடையும் என்றார். தாங்கி கனமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு தட்டுக்கும் திரை தலையாட்டும் என்று சொல்லி, மலிவான ஒன்றைத் தட்டி ஆட்டியும் காட்டினார். பெஞ்சமினுக்கு அவரைப் பிடித்துப்போனது.

கடைசியில் ஒரு மானிட்டரை மேசைமேல் வைத்து இயக்கினார். திரையில் பழரசம், கேக், பிஸ்கட் என்று கட்டம் கட்டமாகப் படங்கள் வந்தன.

"இது உங்க செல்போன் மாதிரிதான், சார்" என்றார் ஞானதாஸ். சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து ஒரு கட்டத்தைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. "பாத்தீங்களா? பேனாவோ குச்சியோ பட்டா இதுக்குத் தெரியாது. உசுருள்ள விரல் பட்டாத்தான் தெரியும். தொட்டுப் பாருங்க மேடம்."

பொன்னி வலது கைச் சுட்டுவிரலால் கேக்கைத் தொட்டாள். திரை சும்மா இருந்தது. லேசாகத் தொட்டுவிட்டோம்போல என்று அழுத்தித் தொட்டாள். நடுவிரலால் தொட்டாள். அந்தக் கேக் அப்படியே இருந்தது. பெஞ்சமின் அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ஒரு தட்டுத் தட்டினான். உடனே பில்லில் ஒரு கேக் விழுந்தது. அவன் சிரித்தான். அவள் மறுபடி தொட்டாள். இல்லை. இடது கையால் தொட்டாள். விழுந்தது.

 தன் செல்போனை அவள் எப்போதும் இடது கைக் கட்டைவிரலாலேயே தள்ளுவாள். அந்தப் பழக்கம் எப்போது வந்தது என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

ஞானதாஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொத்தனார்கள், பரோட்டா மாஸ்டர்கள் எல்லாரும் இதே குறையைச் சொல்வார்கள், தோல் தடித்துக் காய்ந்துபோனால் இந்த வகைத் திரை விரலைக் கண்டுகொள்ளாது என்று விளக்கினார். ஒரு துணியை நனைத்துக் கொடுத்து விரலைத் துடைத்துவிட்டுத் தொடச் சொன்னார். துடைத்துத் தொட்டாள். கேக் விழுந்தது. அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம்போல இருந்தது, அவ்வளவு நிம்மதி. அழுத்தத்தை வைத்து வேலை செய்யும் பழைய வகைத் திரையும் தன்னிடம் உண்டு, அதில் நகமோ பென்சிலோ எது பட்டாலும் போதும், ஆனால் படம் கொஞ்சம் மங்கலாக இருக்கும் என்றார் அவர். கடை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம், கல்பாக்கம் பக்கம் வரும்போது இரண்டையும் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த நிம்மதி திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை இருந்தது. பைக்கின் பின்னால் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்திருந்த வலது கையை அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். கம்பி வெயிலில் காய்ந்திருந்தது. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் அந்தச் சூடு தெரிந்தது. மற்ற விரல்கள் கம்பிமேல் இருப்பது கண்ணுக்குத் தெரிந்ததே தவிர, கைக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் ஏன் கவனிக்கவில்லை என்று யோசித்தாள். கவனித்திருக்கிறாள். காய்த்துப்போனது என்று பெயர் வைத்துவிட்டு விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து குளிக்கும்போது முன்னங்கையில் தேமல்போல வெளுத்திருந்த இடத்தைப் பார்த்தாள். அது வந்து வெகு நாளாகிறது. அரிப்பில்லை, எரிச்சலில்லை. அந்த இடத்தில் மட்டும் முடி உதிர்ந்திருந்தது, சோப்பு போட்டால் தோல் வறவறவென்று இருந்தது. புடவையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு வெளுப்பின் நடுவில் குத்தினாள். எதுவும் தெரியாததால், ஊக்கு படவில்லை என்று நினைத்துக் கண்ணைத் திறந்தாள். ஊக்கின் முனையில் ஒரு பொட்டு ரத்தம் இருந்தது.

அவள் சிறுமியாக இருந்தபோது காலனியில் வேண்டா என்று ஒரு பெண் இருந்தாள். விரல்கள் மடங்கிப்போனவள். நன்றாக முறுக்கு சுடுவாள். ஆனால் அவள் கையால் யாரும் வாங்கித் தின்றதில்லை. பொன்னியின் அம்மா அந்தப் பக்கமே போகக்கூடாது என்பாள். பெரியவர்கள் அந்த நோயின் பெயரைச் சொல்லமாட்டார்கள், 'திருமணி' என்று மட்டும்தான் சொல்வார்கள். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் அந்த நோய்க்கான ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் அது. யாரையாவது திருமணிக்கு இட்டுக்கினு போனாங்க என்று சொன்னால், அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

குளியலறையின் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள் பொன்னி. தன்னைப் பற்றி யோசிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. முதலில் பன்தான் நினைவுக்கு வந்தது. மாவில் நுழைந்து எழுந்த தன் கை நினைவுக்கு வந்தது. அதைத் தின்ற பள்ளிப் பிள்ளைகள், சைக்கிளில் வருகிறவர்கள், ஷிஃப்ட் முடிந்து பசியோடு இறங்குகிறவர்கள். பிறகு சிநேகா.

அதற்குப்பின் வந்த நாட்களில் அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கடைக்கு ரப்பர் கையுறை வாங்கிவந்து போட்டுக்கொண்டாள். மாவு பிசையும் வேலையை ஜோதிலட்சுமியிடம் தள்ளினாள், தோள்பட்டை வலி என்று காரணம் சொன்னாள். சிநேகா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்துபோனாள். பெஞ்சமினுடைய தட்டில் கை வைப்பதில்லை. அவன் இரண்டு நாள் பார்த்துவிட்டு, தன்மேல் என்ன கோபம் என்று கேட்டான். கோபமில்லை என்றாள். செல்போனில் தேடிப் பார்க்கலாமென்று எழுத்துக்களைத் தட்டத் தொடங்குவாள். முழு வார்த்தையும் சேருவதற்குள் அழித்துவிடுவாள். வாடிக்கையாளர் யாராவது கையுறையைப் பார்த்துச் சுத்தமான கடை என்று பாராட்டினால் அவள் ஓவன் பக்கமாகத் திரும்பிக்கொள்வாள்.

ஞானதாஸ் சொன்னபடியே ஒரு பிற்பகலில் இரண்டு மானிட்டர்களோடு வந்து இறங்கினார். பெஞ்சமினுக்கு அன்று வார விடுமுறை. கல்லாவின்மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைத்தார்கள். மேற்கு வெயில் உள்ளே வரத் தொடங்கியிருந்தது. செல்போன் மாதிரியான கண்ணாடித் திரை அவர் சொன்னதுபோலவே எதிரிலிருந்த பேருந்து நிறுத்தத்தை அப்படியே காட்டியது, கட்டங்களைத் தேடவேண்டியிருந்தது. அழுத்தத் திரை மங்கல்தான், ஆனால் வெயிலிலும் எழுத்து தெரிந்தது. ஆனாலும் பெஞ்சமினுக்குக் கண்ணாடித் திரைமேல்தான் ஆசை. ஜோதிலட்சுமி குழந்தைபோல இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தாள்.

பொன்னி ஓவன் பக்கத்தில் நின்றிருந்தாள். அவர்கள் கூப்பிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். எல்லார் முன்னாலும் கையுறையைக் கழற்றித் தொடச் சொல்வார்கள். கூப்பிட்டார்கள். பஃப்ஸ் கருகிவிடும், எடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி அவள் ஓவனைத் திறந்தாள். பதற்றத்தில் ரப்பர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கைக்குக் கிடைத்த துணியோடு தட்டைப் பிடித்தாள். தட்டைத் தூக்கி மேசைக்குக் கொண்டுவந்து, இடம் ஒதுக்கி, மெதுவாக இறக்கினாள். ஏதோ தீய்கிற நாற்றம் வந்தது. பஃப்ஸ் கருகவில்லை, பொன்னிறமாகத்தான் இருந்தன. எங்கிருந்து வருகிறது என்று குனிந்து பார்த்தாள்.

ஜோதிலட்சுமிதான் முதலில் கண்டாள். "அக்கா, கை" என்றாள்.

துணி விலகியிருந்தது. சுட்டுவிரலும் நடுவிரலும் வெறுமனே இரும்பின்மேல் இருந்தன. பொன்னி கையை எடுத்தபோது தோல் கொஞ்சம் தட்டிலேயே ஒட்டிக்கொண்டது. வலியே இல்லை. கடையில் எல்லாரும் அவள் கத்துவாள் என்று காத்திருந்ததுபோல நின்றார்கள். அவளும் காத்திருந்தாள். அந்த வலி வந்துவிட்டால் போதும் என்று அவள் மனதுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தாள். வரவில்லை.

பெஞ்சமின் அவளைப் பக்கத்துத் தெருவிலிருந்த கிளினிக்குக்கு அழைத்துப்போனான். அங்கே ஷாரோன் என்ற இளம் டாக்டர் இருந்தார். காயத்துக்கு மருந்து போட்டபடியே, தட்டை ஏன் உடனே விடவில்லை என்று கேட்டார். தெரியவில்லை என்றாள் பொன்னி. டாக்டர் கட்டுப் போடுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மணிக்கட்டின் உட்புறத்தை அழுத்திப் பார்த்தார், முழங்கையை மடக்கி எலும்பின் ஓரத்தில் நரம்பை விரலால் உருட்டினார். புடவையை ஒதுக்கி முன்னங்கை வெளுப்பைத் தானாகவே கண்டுபிடித்தார். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து அதில் வைத்து, எங்கே தொடுகிறேன் என்று கேட்டார். பொன்னிக்கு எங்கேயும் தொட்டதாகத் தெரியவில்லை. பெஞ்சமினை வெளியே இருக்கச் சொல்லட்டுமா என்று டாக்டர் கேட்டதும், சொல்லச் சொன்னாள்.

அவன் போனபின் டாக்டர் கதவைச் சாத்தினார்.

"இது தொழுநோயா இருக்கலாம்னு நெனைக்கிறேன்மா. உறுதிபண்ண திருமணிக்கு எழுதித் தரேன். குணமாவுற நோய்தான் இது. மாத்திரை இருக்கு, இலவசமாவே குடுக்குறாங்க."

பொன்னிக்குக் காதில் விழுந்தது பாதிதான். அவள் கேட்டது வேறு. "டாக்டர், நான் செஞ்ச பன்ன இத்தன பேரு தின்னுகினு கீறாங்களே. அவங்களுக்கெல்லாம் இன்னா ஆவும்?"

டாக்டர் நாற்காலியை இழுத்து அருகில் போட்டுக்கொண்டார். சாப்பாட்டில் இது பரவுவதில்லை என்றார். வைத்தியம் பார்க்காதவரோடு பல காலம் நெருங்கி வாழ்கிறவர்களுக்கு மூச்சுக் காற்று வழியாக வரலாம், அப்படியும் பெரும்பாலானவர்களுக்கு வராது, உடம்பே தடுத்துவிடும். மாத்திரை தொடங்கிவிட்டால் அவளால் யாருக்கும் பரவாது. நரம்பைத்தான் உடனே பார்க்கவேண்டும், தள்ளிப்போட்டால் விரல் மடங்கிவிடும் என்றார். விரல் மடங்கிவிடும் என்பதை மட்டும் பொன்னி வீடுவரை கொண்டுபோனாள்.

வீட்டில் சிநேகா இல்லாத நேரமாகப் பார்த்துப் பெஞ்சமினிடம் சொன்னாள்.  அவன் கேட்டான்:

"யார் யாருக்குத் தெரியும்?"

அதைத்தான் முதலில் கேட்டான். பொன்னிக்கு அது ஊக்கைவிட ஆழமாகக் குத்தியது. டாக்டருக்கு மட்டும்தான் என்றாள். அவன் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். அவன் திரும்பி வரமாட்டான் என்றே அவள் முடிவு செய்துவிட்டாள். வேண்டாவுக்கு ஒரு புருஷன் இருந்தானா என்று அவளுக்கு அன்றுவரை தோன்றியதே இல்லை, அப்போது தோன்றியது. வாசலில் பைக் சத்தம் ஒவ்வொன்றாகக் கடந்துபோனது. விளக்கு வைக்கும் நேரத்தில் அவன் வந்தான். சதுரங்கப்பட்டினம் கடற்கரைவரை போய் உட்கார்ந்திருந்தேன் என்றான். அவன் கால்சட்டையெல்லாம் மணல்.

"எனக்கும் பயமா கீது, பொன்னி" என்றான். "அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. நாளைக்கே போலாம். நானும் வரேன்."

மறுநாள் காலை போனார்கள். திருமணி நெருங்க நெருங்க அவள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் பெஞ்சமின் வேகத்தைக் குறைத்தான். "நிக்காத, போ" என்றாள். அவன் வாசலைத் தாண்டி ஓட்டினான். சற்றுத் தூரத்தில் ஒரு டீக்கடை முன் நிறுத்தினான். அவளுக்கு டீ இறங்கவில்லை. கடையில் நின்றிருந்த ஒவ்வொருவரும் தன்னை எங்கே போகிறவள் என்று கணக்குப் போடுவதாகத் தோன்றியது. தம்ளரை அப்படியே வைத்துவிட்டு, வண்டியைத் திருப்பச் சொன்னாள்.

உள்ளே மரநிழலில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்க்க அவள் பயந்தாள். பார்த்தபோது சாதாரண மனிதர்களாகவே இருந்தார்கள். கல்லூரிப் பையை மாட்டிய ஒரு பெண், இரும்புக் கடைக்காரர்போல ஒருவர், கைக்குழந்தையோடு ஒருத்தி. ஒரு முதியவரின் கை மட்டும் வேண்டாவின் கையைப்போல இருந்தது. பொன்னியால் அதிலிருந்து பார்வையை எடுக்க முடியவில்லை.

பரிசோதனைக்கு ஒரு அம்மா அவளை உட்காரவைத்து, கண்ணை மூடச் சொன்னார். நைலான் நூல் முனையால் கையில் தொடுவேன், தொடும்போது சொல்லுங்கள் என்றார். பொன்னி பள்ளிக்கூடத்துப் பரீட்சைபோல எல்லாவற்றிலும் தேறிவிட வேண்டும் என்று நினைத்தாள். தொட்டதாகத் தோன்றியபோதெல்லாம் இங்கே, இங்கே என்றாள்.  சரியாகச் சொல்கிறோமா என்று அவள் லேசாகக் கண்ணைத் திறந்து பார்த்தாள். நூல் வளைந்து கட்டைவிரல் நுனியை அழுத்திக்கொண்டிருந்தது. அந்த இடத்துக்கு அவள் இங்கே என்று சொல்லவே இல்லை. அவள் திருட்டுத்தனமாகப் பார்ப்பதைக் கண்ட அந்த அம்மா அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்து வைத்துக்கொண்டார். இது பரீட்சை இல்லை என்றார். உணர்ச்சி இருந்த பக்கமெல்லாம் அவர் கையின் வெதுவெதுப்பு தெரிந்தது. கையுறை இல்லாமல் தொடுகிறாரே என்பதுதான் பொன்னிக்கு அப்போது பெரிய விஷயமாக இருந்தது.

காது மடலிலிருந்தும் வெளுப்பிலிருந்தும் லேசாகக் கீறித் திசு எடுத்துப் பார்த்தார்கள். நோய் அதுதான். ஓராண்டு மாத்திரை, நரம்பு வீக்கம் வற்றுவதற்குத் தனி மாத்திரை. சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படக்கூடாது, தோல் கறுக்கும், பிறகு சரியாகும் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனாலும் முதல் மாத்திரைக்குப்பின் சிவப்பைப் பார்த்தபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பெஞ்சமினையும் சிநேகாவையும் பரிசோதித்தார்கள். சிநேகாவைக் கண்ணை மூடச் சொல்லி நூலால் தொட்ட நேரத்தில் பொன்னி அறைக்கு வெளியே நின்று, தனக்கு வராத ஜெபத்தையெல்லாம் சேர்த்துச் சொன்னாள். இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. முன்தடுப்பாக ஒரு வேளை மாத்திரை கொடுத்தார்கள். சிநேகா அழவில்லை. தன்னிடம் மறைத்ததற்குத்தான் சண்டை போட்டாள்.

அதோடு முடியவில்லை. வேலையிடத்தில் பல காலம் கூடவே இருக்கிறவர் யாராவது உண்டா, அவருக்கும் அந்த மாத்திரை கொடுப்பது நல்லது என்று கேட்டார்கள். ஜோதிலட்சுமியின் பெயர் பொன்னியின் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் கடை போய்விடும். ஜோதிலட்சுமி நல்லவள்தான், ஆனால் அவள் வாயில் எதுவும் தங்காது. புதுப்பட்டினம் முழுக்கத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அவளுக்கும் வந்துவிடலாம், அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாள். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஜோதிலட்சுமி மாவு பிசையும்போது அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் கடை ஓய்ந்திருந்த நேரத்தில் சொல்லிவிட்டாள். நோயின் பெயரைத் தன் வாயால் முழுதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஜோதிலட்சுமி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். "நான் வூட்டுக்குப் போறேன்க்கா" என்று சொல்லிப் போய்விட்டாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. பொன்னி தனியாகக் கல்லாவில் நின்றாள். வழக்கமாக வருகிற யாராவது கடையைத் தாண்டி நடந்தால், தெரிந்துவிட்டது என்று நினைத்தாள். நகரியத்து அம்மா ஒருத்தி உள்ளே வந்து எதுவும் வாங்காமல் திரும்பியபோது பொன்னி வாசல்வரை போய் எட்டிப் பார்த்தாள். அந்த அம்மா பையை ஸ்கூட்டரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள், எடுத்துக்கொண்டு திரும்பவும் வந்தாள்.

அந்த நேரத்தில்தான் ஞானதாஸ் போன் செய்து, மானிட்டரை என்ன செய்யலாம் என்று கேட்டார். இதெல்லாம் அடங்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றான் பெஞ்சமின். பொன்னி போனை வாங்கினாள். அழுத்தத் திரையையே கொண்டுவரச் சொன்னாள். வெயிலில் அதுதான் தெரிகிறது என்று காரணம் சொன்னாள், அது உண்மையும்தான். கனமான தாங்கி வேண்டும், ஓரத்தில் பள்ளம் இருக்கக்கூடாது, படங்கள் பெரிதாக இருக்கட்டும், அடிக்கடி போகிற பன்னும் பஃப்ஸும் இடது பக்கமாக வரட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பேசும்போது குரல் நடுங்காமல் இருந்தது அவளுக்கே ஆச்சரியம். பயத்துக்கு நடுவே, தன்னால் தீர்மானிக்க முடிகிற ஒரே விஷயம் அதுதான் என்று அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மானிட்டர் வந்து பொருத்தப்பட்ட அன்று காலை ஜோதிலட்சுமியும் வந்தாள். நேராகப் பொன்னியிடம் வந்து, மாத்திரை எங்கே போய் வாங்கவேண்டும் என்று கேட்டாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தானும் கூட வருவதாகப் பொன்னி சொன்னாள். வேண்டாம், தனியாகப் போய்க்கொள்கிறேன் என்றாள் அவள். சற்றுக் கழித்து, "எம் மாமியாகிட்ட சொல்லல. ஊர்ல யாருகிட்டயும் சொல்லல" என்றாள்.

அவள் மறுபடி வேலைக்கு வந்தாள். ஆனால் மதியச் சாப்பாட்டைப் பொன்னியோடு உட்கார்ந்து சாப்பிடாமல், பின்பக்கம் மைதா மூட்டைமேல் உட்கார்ந்து சாப்பிட்டாள். பொன்னி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் ஏதாவது பொய் சொல்லவேண்டி வந்திருக்கும்.

பொன்னி கையை நீரில் ஊறவைத்து எண்ணெய் தடவுவதை ஒரு வேலையாகவே வைத்துக்கொண்டாள். ஓவனுக்குத் தடித்த கையுறை, திரைக்கு ரப்பர் வைத்த பென்சில். மாத்திரையில் முகம் கறுத்துவிட்டது. கறுத்துவிட்டாயே என்று கேட்டவர்களிடம் ஓவன் சூடு என்றாள். அப்படிச் சொன்ன ஒவ்வொரு தடவையும், அவர்கள் நம்பிவிட்டார்களா என்று முகத்தைப் பார்த்தாள். ஒருநாள் மருந்துக் கடைக்காரர் முனிசாமி பில் வாங்கும்போது அவள் விரலைக் கூர்ந்து பார்த்தார். அன்று முழுவதும் அவளுக்கு வேலை ஓடவில்லை. அவர் மறுநாளும் வந்தார், அடுத்த வாரமும் வந்தார். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

மழைக்காலம் வந்தபோது பின்பக்கக் கூரை ஒழுகி, மைதா மூட்டைகளை முன்னால் நகர்த்த வேண்டியதாயிற்று. ஜோதிலட்சுமி தன் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கொஞ்சநேரம் நின்றாள். பிறகு வந்து பொன்னியின் பக்கத்தில் உட்கார்ந்து, குழம்பில் உப்பு கூடிப்போச்சு, தயிர் இருந்தால் கொடு என்றாள். மழை விட்டபின்னும் அவள் அங்கேயே சாப்பிட்டாள்.

மாத்திரை முடிந்த நாளில் டாக்டர்கள் நோய் போய்விட்டது என்றார்கள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் உணர்ச்சி பாதி திரும்பியிருந்தது. நடுவிரலுக்குத் திரும்பவில்லை, இனித் திரும்பாமலும் போகலாம் என்றார்கள். விரல்கள் மடங்கவில்லை. வெளியே வந்ததும், இனியாவது நிம்மதியாக இரு என்றான் பெஞ்சமின். அவள் தலையாட்டினாள். ஆனால் வண்டியில் ஏறும்போது, சிநேகா நேற்று கால் மரத்துப்போச்சு என்று சொன்னது அவன் காதில் விழுந்ததா என்று கேட்டாள். அவள் வெகுநேரம் சம்மணம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள், அதனால்தான் என்றான் அவன். தெரியும் என்றாள் பொன்னி. தெரிந்தும் வீட்டுக்குப் போனதும் மகளைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் பாதம் முழுவதும் தொட்டுப் பார்த்தாள். சிநேகா கூசுகிறது என்று சிரித்துக்கொண்டே ஒவ்வொரு இடத்தையும் சரியாகச் சொன்னாள். பொன்னி மற்றக் காலையும் நீட்டச் சொன்னாள்.